பள்ளிக் கிணற்றை வெட்டியவர்

எங்கள் பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது, பள்ளியைச் சேர்ந்த ஊராரான எங்கள் மஹல்லாவின் வரலாற்றைச் சிறுபுத்தகமாகப் போட நிருவாகம் முடிவு செய்தது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து அழகென்று எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் குடி என்ற குலம் உம்மா வழியில் வரும். ஒவ்வொரு குடிக்காகவும் பள்ளி நிருவாகத்தில் பேச ஒரு மரைக்கார் உண்டு. எந்தக் குடி காணி கொடுத்தது, எது கூரைக்கு மரம் இறக்கியது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினேன். ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு இறங்கும்போது, ஊரில் சுன்னத்து வைக்கும் ஒஸ்தா என்னை நிறுத்தினார். எனக்கும் என் மகன்மாருக்கும் சுன்னத்து வைத்தவர் அவர்தான். ஆனாலும் ஒஸ்தாமாரை ஊர் ஒரு படி கீழேதான் வைத்திருந்தது.

"மகன், நாம தொழ முந்தி கைகால் கழுவி வுழூ செய்யிற கிணறு எங்கட உம்மாட வாப்பா தனிய நிண்டு வெட்டினது. அதையும் எழுதுங்க."

அவர் கண்முன்னாலேயே கொப்பியில் எழுதினேன்.

என் மச்சான், மனைவியின் அண்ணன், அவர்கள் குடியின் மரைக்கார். அதை வாசித்ததும் சிரித்தார். "மரைக்கார்மாரோட ஒஸ்தாவையும் ஒண்டாப் போடப் போறியா? நாளைக்கு நம்மளப் பாயை விட்டு எழும்பச் சொல்லுவான்டா!"

நானும் சிரித்தேன். பிறகு அந்த வரியை என் கையாலேயே வெட்டினேன்.

புத்தகம் வந்த வாரம் ஒஸ்தா என்னை வீட்டுக்குள் கூப்பிட்டார். அவருடைய மகள் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். திரும்பவும் புரட்டினாள். "இல்லயே வாப்பா."

"அச்சுக்காரன் விட்டுட்டான், மாமா" என்றேன்.

"நீங்க எழுதினத்த நான் கண்டன்தானே. அவன் செஞ்ச பிழைக்கி நீங்க ஏன் மகன் வேர்க்கிறீங்க? புள்ள, தேத்தண்ணி ஊத்து."

அந்தத் தேநீரையும் குடித்துவிட்டு வந்தேன். அதன்பிறகு அவர் பள்ளியில் ஆளுக்கு ஆள் சொல்லித் திரிந்தார், எழுதினவனில் குற்றமில்லை என்று.

தொழுகையில் மனம் நிற்கவில்லை. போன மாதம் அவரிடம் போய், மச்சானின் பேச்சுக்கு நானும் சிரித்து அந்த வரியை வெட்டிய உண்மையைச் சொன்னேன். முற்றத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"மச்சானும் சிரிச்சாரா?"

"ஓம்."

"என்ட கோவம் போகும் மகன். ஆனா கிணறு ஆர் வெட்டினதெண்டு பள்ளியில சொல்லுவீங்களா?"

"ஓம் மாமா" என்றேன்.

நான்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ போய்விட்டது. எழுந்து சொல்லும் தைரியத்தை அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டுதான் போகிறேன். மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் தலையைக் குனிந்துகொள்கிறேன். பின்வரிசையில் ஒஸ்தா இருக்கிறார். திரும்பிப் பார்க்க முடியவில்லை.