ராயபுரம் கரையில் ஒரு மத்தியானச் சோறு

அக்காளின் புருஷனிடமிருந்து கார்டு வந்தபோது அம்மா அதை என்னை மூன்று முறை படிக்கச் சொன்னாள். நாலே வரிதான். பொங்கலுக்கு இரண்டு பேரும் வருகிறோம், நாலு நாள் தங்குவோம், பட்டணத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், நேரில் பேசவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது முறை படித்து முடித்ததும் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டாங் கண்ணாலம்" என்றாள். "வேற இன்னா பேசப் போறாரு?"

அக்காளைக் கோலார் தங்கவயலில் கட்டிக்கொடுத்து அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. மாமா அங்கே சுரங்கத்தில் இறங்கி வேலை செய்பவர். அவர்கள் இருந்த லைன் வீடுகளிலேயே ஒருவர் பிள்ளை இல்லையென்று இரண்டாவதாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து, முதல் பெண்சாதி பிறந்த வீட்டுக்குத் திரும்பிய கதையை அக்காளே முன்பு எழுதியிருந்தாள். அதனால் அம்மாவின் பயத்தை வீண் பயம் என்று என்னால் தள்ள முடியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. நான் வியாசர்பாடியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கிரேன் பக்கம் வேலை. அப்பா இறந்த பிறகு அம்மா எங்களோடு இருந்தாள். அப்பா பௌத்தர், பௌர்ணமி தவறாமல் வெள்ளை வேட்டி உடுத்திப் பெரம்பூர் விகாரைக்குப் போய்வந்தவர். அவர் இருந்திருந்தால் மாமாவிடம் நேருக்கு நேர் கேட்டிருப்பார். இப்போது கேட்கவேண்டிய ஆள் நானாகிவிட்டேன்.

அவர்கள் வந்து இறங்கியபோது மாமா பாதியாக இளைத்திருந்தார். கல்யாணத்தின்போது தோளில் என்னையும் இன்னும் இரண்டு சிறுசுகளையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஆடிய மனிதர் அவர். இப்போது சோறு போட்டால் சாப்பிட்டார், கேட்டால் பதில் சொன்னார், மற்ற நேரம் வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். பொங்கல் போயிற்று, மாட்டுப் பொங்கலும் போயிற்று. பேசவேண்டிய விஷயத்தை அவர் பேசவே இல்லை. அம்மா அவருக்கு இலை போடும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பாள். பிறகு அக்காளின் முகத்தைப் பார்ப்பாள். அக்காளோ ஒன்றும் நடக்காததுபோல அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காணும் பொங்கல். அன்றுதான் பட்டணம் பார்க்கக் கிளம்பினோம். என் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. கப்பல் வந்து நின்றால் பொங்கலா தீபாவளியா என்று பார்க்க முடியாது, இறக்கித்தான் ஆகவேண்டும். ஆகவே நான்தான் இருவரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். விடிந்ததும் அம்மாவும் நானும் புளிச்சோறு கிளறி, முதல்நாள் வாங்கிய ஆட்டுக்கறியை வறட்டி, மசால்வடை சுட்டு, அடுக்குப் பாத்திரத்தில் வைத்துக் கட்டினோம். கட்டும்போது அம்மா என் காதருகில் சொன்னாள்:

"இன்னிக்கு அவரு வாயத் தொறப்பாரு. நீ படிச்சவ. அழுதுகினு நிக்காத. நல்லா பதில் சொல்லிட்டு வா."

டிராமில் போகும்போதே அந்தப் பதிலை மனசுக்குள் கோத்துக்கொண்டு போனேன். அக்காள் எங்களுக்குப் பாரமில்லை என்று சொல்லவேண்டும். இரண்டாவது ஒருத்தி வந்தால் அக்காளை நாங்களே அழைத்துக்கொள்கிறோம் என்றும் சொல்லவேண்டும். குரல் உயரக்கூடாது. பிள்ளைகளுக்கு மனப்பாடம் சொல்லிக்கொடுப்பவளுக்கு அன்று ஒரு வாக்கியமும் வரிசையில் நிற்கவில்லை.

முதலில் எழும்பூர் செத்த காலேஜ். மியூசியத்தை அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். உயிரோடு மிருகங்கள் இருக்கிற இடம் உயிர்க் காலேஜ், பாடம் செய்து வைத்திருக்கிற இடம் செத்த காலேஜ். செங்கல்பட்டிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வண்டி கட்டி வந்த ஜனம் வாசலிலேயே திணறிக்கொண்டிருந்தது. திமிங்கிலத்தின் எலும்பைப் பார்க்க நின்ற கூட்டத்தில் என் செருப்பு ஒன்று கழன்று, அதைத் திரும்ப எடுப்பதற்குள் நான் இரண்டு அறை தாண்டிப் போயிருந்தேன். அக்காள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள். மாமா எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு அறையிலும் கதவோரமாகவே நின்றார். இரண்டு தடவை "பாப்பா" என்று என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வந்தார். இரண்டு தடவையும் கூட்டம் நடுவில் புகுந்து அவரை ஒரு பக்கமும் என்னைப் பாடம் செய்த பறவைகள் பக்கமும் தள்ளிவிட்டது. எனக்கு அந்தக் கூட்டத்துக்கு நன்றி சொல்லவேண்டும் போலிருந்தது.

அங்கிருந்து ஐகோர்ட்டு. அன்று அந்தக் கட்டடத்தின் உச்சியில் இருந்த லைட்ஹவுஸில் ஏற விட்டார்கள். மேலே போனால் பட்டணம் முழுக்கத் தெரியும், கப்பல்கள் சின்னச் சின்னதாகத் தெரியும் என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். உள்ளே சுற்றிச் சுற்றிப் போகிற படிக்கட்டு, குறுகல், இருட்டு. முன்னாலும் பின்னாலும் ஆள். மாமா எனக்கு முன்னால் ஏறினார். இருபது படி ஏறியிருப்போம். திடீரென்று நின்றார். என்ன மாமா என்றேன். திரும்பினார். என்னையும் அக்காளையும் தாண்டி, ஏறி வருகிறவர்களைத் தோளால் இடித்துக்கொண்டு கீழே இறங்கினார். திட்டினார்கள். அவர் காதில் விழவில்லை.

நாங்கள் வெளியே வந்தபோது மரத்தடியில் குந்தியிருந்தார். சட்டை தண்ணீரில் முக்கியெடுத்ததுபோல் நனைந்திருந்தது. வெயில் அதிகம் என்றார். தை மாதத்தில் என்ன பெரிய வெயில்? அக்காள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஏதோ கெஞ்சுகிற மாதிரி இருந்தது. மனசில் பாரத்தை வைத்துக்கொண்டு அலைகிறார், சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்று நினைத்தேன். அதுவரை சரிதான். பாரம் என்ன என்பதில்தான் நான் தப்பாக இருந்தேன்.

பசி நேரம் வந்தது. சோறு கையில் இருக்கிறது, உட்கார இடம்தான் இல்லை. ஐகோர்ட்டு மரநிழல் ஒவ்வொன்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். பாரிமுனைப் பக்கத்து நல்ல ஓட்டல்களில் எங்களை உள்ளே விடமாட்டார்கள். விடுகிற கடைகளில் அன்று நிற்கவும் இடமில்லை. ஒரு சத்திரத்து வாசல் படியில் பாத்திரத்தைப் பிரிக்கப் போனோம். காவல்காரர் எந்த ஊர், யார் என்று கேட்டார். நான் சொன்னேன். எழுந்திரு என்றார். எழுந்தோம். அக்காள் பாத்திரத்தை மறுபடி கட்டிக்கொண்டே, "ராயபுரம் போலாம்டி. கடல்காத்துல துன்னலாம்" என்றாள்.

டிராமில் தொங்கக்கூட வழியில்லாததால் நடந்தோம். ஒரு பக்கம் துறைமுகத்தின் சுவர், ஒரு பக்கம் கிடங்குகள். தோல் நாற்றமும் வெல்ல வாசனையும் மாறி மாறி வந்தன. ஒரு கூட்ஸ் வண்டி எங்களோடு கூடவே மெதுவாக வந்தது. வடக்கே போகப் போக ஜனம் குறைந்தது. துறைமுகச் சுவர் முடிந்த இடத்தில் சட்டென்று கடல் திறந்துகொண்டது.

மாமா அப்படியே நின்றுவிட்டார். அவர் கடலை அதற்கு முன் சரியாகப் பார்த்ததே கிடையாது. கல்யாணத்துக்கு வந்தபோது ஒரு தடவை, இருட்டின பிறகு, சத்தம் மட்டும் கேட்டாராம். இப்போது வலது பக்கம் துறைமுகத்தின் கல் கரையும் அதற்கு மேலே கிரேன்களும் இரண்டு கப்பலின் புகைபோக்கியும் தெரிந்தன. இடது பக்கம் கரை வளைந்து வளைந்து திருவொற்றியூருக்கும் அதைத் தாண்டி எண்ணூருக்கும் போய் வெளிறி மறைந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை, தண்ணீரும் ஆகாயமும்தான். அவர் மூச்சை இழுத்து விட்டது எனக்குக் கேட்டது.

கட்டுமரங்களைக் கரையில் ஏற்றிப் போட்டிருந்தார்கள். ஒரு பெரிய படகின் மேல் பாய்த்துணியை விரித்துக் காயவைத்திருந்தார்கள். அதன் நிழலில் ஒரு மீனவப் பெண் தன் பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வெயிலில் மணலைத் தட்டி உட்காரப் போனதைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இன்னாம்மே, வெயில்ல குந்திகினு துன்னப்போறீங்களா? இப்டி வாங்க. நெழலு கீது."

போனோம். எங்கேயிருந்து வருகிறோம் என்று அவளும் கேட்டாள். வியாசர்பாடி என்றேன். காவல்காரர் ஞாபகத்தில் எழுந்திருக்கத் தயாராகவே இருந்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, பிள்ளையை இழுத்து நகர்ந்து இடம் விட்டாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

இலையைப் போட்டுப் புளிச்சோற்றை வைத்தேன். காற்றில் இலை பறக்காமல் இருக்க அக்காள் ஓரத்தில் கிளிஞ்சல்களை வைத்தாள். மாமா ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார். மூன்று நாளாகக் கொறித்துக்கொண்டிருந்தவர் அந்த இலையைக் காலி செய்து மறுபடி கேட்டார். கறியை நானே வழித்துப் போட்டேன். போட்டுக்கொண்டே, இப்போதுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"பாப்பா" என்றார். கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி இங்க எனக்கு ஒரு வேலை வாங்கித் தர முடியுமா? எந்த வேலையா இருந்தாலும் சரி. மேல இருக்கணும். அவ்வளவுதான்."

எனக்குப் புரியவில்லை. மேலே என்றால் என்ன என்று கேட்டேன்.

அக்காள்தான் ஒரு வடையைக் கையில் எடுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். ஐப்பசி மாதம் சுரங்கத்தில் பாறை சரிந்திருக்கிறது. மாமாவும் கூட வேலை செய்த ஒருவரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். விளக்கு அணைந்துவிட்டது. ஒரு ஷிப்டு நேரம் முழுக்க இருட்டில் கிடந்த பிறகு மாமாவை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். காயம் பெரிதில்லை. பத்து நாளில் மறுபடி வேலைக்குப் போனார். அன்றிலிருந்து, சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கூண்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் கை கால் நடுங்குகிறது.

"பயமா இருக்கு பாப்பா" என்றார் மாமா. "இத்தனை வருஷம் இறங்கினவன், இப்போ பயமா இருக்குன்னு யார்கிட்ட சொல்றது? உங்க வீட்ல வந்து உட்கார்ந்து, அத்தை எதிர்ல இதைச் சொல்ல வாய் வரலை."

கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை. சந்தோஷம்தான். இதை மறைக்க விரும்பவில்லை. எட்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. அவ்வளவுதானா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கேட்டதும் வெட்கமாகப் போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பயந்துபோய் அக்காளைப் பார்த்தார். மறைக்க வழியில்லாமல் அம்மா நினைத்ததைச் சொன்னேன். நான் டிராமில் கோத்துவந்த பதிலையும் சொன்னேன்.

அக்காள் வாயில் இருந்த வடையோடு சிரிக்க ஆரம்பித்தாள். "பொண்ணா? இவருக்கா? யாரு குடுப்பாங்க?" என்றாள். மாமாவும் சிரித்தார். தோள் குலுங்க, மணலில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கல்யாணத்தில் பார்த்த மனிதர் அப்போதுதான் திரும்பி வந்தார்.

ஏன் முன்பே எனக்கு எழுதவில்லை என்று அக்காளிடம் பிறகு தனியாகக் கேட்டேன். "அவரு வாயாலயே வர்ட்டும்னுதான். நான் சொன்னா அவருக்கு இன்னும் கேவலமா பூடும்" என்றாள்.

பக்கத்திலிருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. எழுந்துபோய், தென்னை ஓலை நெருப்பில் சுட்ட கானாங்கெளுத்தி இரண்டை ஒரு இலைத் துண்டில் கொண்டுவந்து மாமா முன்னால் வைத்தாள்.

"எங்கூட்டு ஆளு தெனம் கடலுக்குப் போறாரு. தெனம் பயந்துகினுதான் போறாரு. துன்னு நைனா" என்றாள்.

நான் மிச்சமிருந்த மசால்வடைகளை அவள் பிள்ளைக்குக் கொடுத்தேன். மீனின் தோல் கருகி, உள்ளே வெள்ளையாக, உப்பாக இருந்தது. அவசரமில்லாமல் முள் எடுத்துத் தின்றோம். ஒரு கப்பல் சங்கு ஊதிவிட்டு மெள்ளத் திரும்பி வெளியே போனது. அது சின்னதாகும் வரைக்கும் மாமா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாய் நிழலிலேயே துண்டை விரித்துப் படுத்தார். கண் அசந்துவிட்டார். இப்படித் தூங்கி மூன்று மாதமாயிற்று, எழுப்பாதே என்று அக்காள் ஜாடை காட்டினாள். உயிர்க் காலேஜ் பார்க்கவேண்டியது பாக்கியிருந்தது. அது போகட்டும் என்று விட்டுவிட்டோம். நானும் அக்காளும் காலை நீட்டிக்கொண்டு, சின்ன வயசில் பேசுவதுபோல் யார் யாரையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா கதவிலேயே நின்றாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அம்மா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மாமாவிடம் ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டாள். மூன்று நாளில் அவரிடம் அவள் முகம் கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

வேலை உடனே கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் திரும்பத் திரும்பச் சொல்லி, பங்குனி கடைசியில்தான் கிரேனுக்குக் கீழே நின்று கொடி காட்டுகிற இடம் ஒன்று காலியானது. தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை பார்த்துக் குடிவந்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி யாரும் பிறகு பேசவுமில்லை. மாமா வருஷக்கணக்காக அந்த வேலையைச் செய்தார். வெயிலில் கறுத்து, உடம்பு தேறி, குரலும் பெரிதாகிவிட்டது. அக்காளுக்குத்தான் ஒரே குறை: நிலக்கரித் தூசி படிந்த சட்டையைத் தோய்த்து மாளவில்லை என்று எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லுவாள்.