மேனேஜர், அக்கவுண்ட்ஸ், டிஸ்பாட்ச்: எங்கள் ரத்தினசாமி அண்ணாச்சி

ரத்தினசாமி அண்ணாச்சி தூக்கத்திலேயே போய்விட்டார் என்று பைண்டிங் மாரியம்மா அக்கா போன் செய்தபோது, "விளையாடாதீக அக்கா" என்றுதான் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலம்தான் என் டப்பாவிலிருந்து காராச்சேவை அள்ளித் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்று குறையும் சொல்லிவிட்டுப் போனார் மனுஷன்!

சிவகாசியில் எங்கள் காலண்டர் கம்பெனியை அறிந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. முதலாளி, மெஷின் ஓட்ட ஒருவர், பைண்டிங்குக்கு மாரியம்மா அக்கா, டிசைனுக்கு நான், மிச்ச எல்லாவற்றுக்கும் அண்ணாச்சி. கம்பெனி அவ்வளவுதான். ஆனால் போனில் பேசும் வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. மேனேஜர் வேண்டும் என்றால் அண்ணாச்சியே அடித்தொண்டையில் நிதானமாகப் பேசுவார். அக்கவுண்ட்ஸ் என்றால் மூக்கால் பேசுவார். டிஸ்பாட்ச் என்றால் நின்ற இடத்திலேயே நாலு குதி குதித்து, மூச்சு வாங்க, "லோடு ஏறிக்கிட்டே இருக்கு சார்" என்பார். லோடு தாமதமானால் மேனேஜர் குரலில் டிஸ்பாட்ச்காரனைத் திட்டுவார். அந்த இல்லாத மனிதனுக்காக நானே பாவப்பட்டிருக்கிறேன்.

"எதுக்கு அண்ணாச்சி இந்தக் கூத்து?" என்று கேட்டால், "சின்னக் கம்பெனின்னா ஆளுதான் தாயி கம்மி. வேல அம்புட்டும் இருக்குல்ல?" என்பார்.

போன வருஷம் ஆடியில் புதுக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போட்டும் ஆர்டர் வரவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மட்டும் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவும் இல்லையென்றால் மெஷினை விற்றுவிடுவேன் என்றார் முதலாளி. அந்த நேரம் பார்த்து, கம்பெனியை நேரில் பார்க்க வேண்டும் என்று ஜவுளிக்கடைக்காரர் வந்து இறங்கிவிட்டார்.

அண்ணாச்சி அசரவில்லை. எங்கள் தெருவில் கட்டிங் பக்கத்துக் கட்டடத்தில், லேமினேஷன் எதிரே, காலண்டர் தலையில் தகரப்பட்டையான டின் அடிப்பது மூலையில். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முதலாளி. சீசனில் ஒருவருக்கொருவர் வேலை செய்து கொடுப்பது வழக்கம். அந்தத் தெரு முழுக்க ஜவுளிக்கடைக்காரரை நடத்திக் கூட்டிப்போனார். "இது நம்ம கட்டிங் செக்சன் சார். அங்கன நம்ம லேமினேஷன்." கட்டிங் முதலாளி, அடப்பாவி, எழுந்து நின்று கும்பிட்டு, "வாங்க சார், சாப்பிட்டீகளா?" என்றார். மாரியம்மா அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

ஜவுளிக்கடைக்காரருக்கு ஏகத் திருப்தி. திரும்பி வந்து டீயைக் கையில் எடுத்தவர், "எல்லாம் பார்த்தாச்சு, அந்த டிஸ்பாட்ச் தம்பியத்தான் பார்க்கல. பாவம், எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கார்" என்று சொல்லி, டிஸ்பாட்சுக்கென்று கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

அண்ணாச்சியின் சட்டைப்பையில் மணி அடித்தது.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சி போனை எடுத்து, வழக்கம்போல மூச்சு வாங்கிக்கொண்டு, "டிஸ்பாட்ச் பேசுறேன் சார், இந்தா எதுத்தாப்புலதான் உக்காந்திருக்கேன்" என்றார்.

ஜவுளிக்கடைக்காரர் ஒரு நொடி விழித்தார். பிறகு சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "அப்ப மேனேஜர்?" "நாந்தான் சார்." "அக்கவுண்ட்ஸ்?" மூக்கால் பதில் வந்தது: "சொல்லுங்க சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இவ்வளவு பாடுபடுற ஆளு என் காலண்டரக் கெடுக்க மாட்டார்யா" என்று ஆர்டரைக் கொடுத்தார். இந்த வருஷமும் கொடுத்திருக்கிறார். எங்கள் வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான்.

அண்ணாச்சியை எடுத்த மறுநாள் கம்பெனியைத் திறந்தோம். சேதி தெரியாத ஜவுளிக்கடைக்காரர் கூப்பிட்டு, வழக்கமான கேலியோடு, "மூணு செக்சனும் சௌக்கியமா?" என்றார். அண்ணாச்சி போன சேதியைச் சொன்னேன்.

"மூணு பேருமா போயிட்டாங்க?" என்றார்.

அப்புறம், "இனிமே லோடு பத்தி யார்கிட்டம்மா கேக்கிறது?" என்றார்.

"ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று போனை மேசையில் வைத்தேன். மேனேஜர் குரலும் அக்கவுண்ட்ஸ் குரலும் எனக்கு வராது. அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நாலு குதி குதித்தேன்.

"டிஸ்பாட்ச் பேசுறேன் சார். லோடு ஏறிக்கிட்டே இருக்கு."