சால்வையாய்ப் போன புரட்சி

ஊரிகம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு அப்பாதுரைக்கு இருபது வயதில் புரட்சி என்றால், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜில் ஏறாமல் நிற்பது. சுரங்கம் மூடியபின் அது மனு எழுதுவதாகச் சுருங்கியது. எழுபத்திரண்டு வயதில் அது சால்வையாகி, தேர்தல் மேடையில் அவர் தோளிலேயே வந்து விழுந்தது.

"நம்ம புரட்சி வீரர் அப்பாதுரை ஐயா!" என்று முழங்கிய வேட்பாளர், வீட்டு வசதியில் தாம் செய்யப்போகும் புரட்சியை விளக்கத் தொடங்கினார். மூன்று தேர்தலாக அதே புரட்சிதான். அப்பாதுரை வீட்டுக்கு உரிமைப் பத்திரம் மட்டும் வரவில்லை.

அப்பாதுரை மேடையில் தண்ணீர் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரால் மைக் ஸ்டாண்டை ஒரே தட்டு தட்டினார். சுரங்கத்தில் ஒரு மணி அடித்தால் கேஜ் நின்றாக வேண்டும். கீழே கைதட்டிக்கொண்டிருந்த பழைய தொழிலாளர்களின் கைகள் அந்தரத்தில் நின்றன. வேட்பாளரின் வாயும் நின்றது.

"எம் பத்திரம் இன்னாய்யா ஆச்சு?"

"அப்புறம் பேசலாம் பெரியவரே. போட்டோ எடுத்துக்கலாம் வாங்க."

"மாட்டறதுக்கு மொதல்ல ஒரு செவுரு குடுத்துட்டு எடுய்யா!"

சால்வை வேட்பாளர் தோளில் போய் விழுந்தது.

மறுநாள், பொது அமைதியைக் குலைத்ததாகப் போலீஸ் நோட்டீஸ் வந்தது. விலாசத்தில் 'அப்பாதுரையின் வீடு' என்றிருந்தது; அந்த வீடு அவருடையது என்று அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்ட முதல் காகிதம் அதுதான். அப்பாதுரை அதை பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார்.