நட்சத்திரம் என்று வாசித்துவிட்டாள்

தொங்கா நாட்டின் வவாவு தீவில், ஒரு சின்ன வானொலி நிலையத்தில் பத்தொன்பது வருஷமாகச் செய்தி வாசிப்பவள் கலோலைனே. கப்பல் வரும் நேரம், சாவு அறிவிப்பு, புயல் எச்சரிக்கை எதுவானாலும் ஊர் அவள் குரலைத்தான் நம்பும். ஒரு புதன்கிழமை அந்த நம்பிக்கையே வினையாகிவிட்டது.

சிறுகோள் ஒன்று நாளை பூமியைக் கடந்து போகும் என்று தலைநகரிலிருந்து ஆங்கிலத்தில் குறிப்பு வந்திருந்தது. சிறுகோளைத் தன் மொழியில் என்னவென்று சொல்வது? அவளுக்குத் தெரியவில்லை. வானத்தில் மினுங்குவதற்கெல்லாம் வீட்டில் புழங்கும் சொல்லையே போட்டு, "நாளைக்கு ஒரு நட்சத்திரம் பூமிப் பக்கமா வருது" என்று வாசித்துவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் கொழுந்தன் சியோசயா தொலைபேசியில் வந்தான்.

"அண்ணி, பாயெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு, கடல் பொங்கும்னு குன்று மேல போறோம். நீங்க வரீங்களா, இல்ல அங்கேயே வாசிச்சிக்கிட்டே சாகப்போறீங்களா?"

ஜன்னல் வழியே பார்த்தாள். தெரு முழுக்க மூட்டை முடிச்சு. பள்ளியில் அறிவியல் நடத்தும் வயோலெட்டியைத் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"நட்சத்திரம்னா சூரியன் மாதிரிம்மா, தானா ஒளி விடும். சூரியனைச் சுத்துற பெரிய உருண்டை கோள், நம்ம பூமி மாதிரி. சிறுகோள் சூரியனைச் சுத்துற வெறும் பாறை" என்றார் ஆசிரியை.

"தலையில விழுமா டீச்சர்?"

"தூரம் எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

கலோலைனே அப்போதுதான் குறிப்பின் கடைசி வரியைப் படித்தாள். நிலா இருக்கும் தூரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு.

"அப்புறம் என்ன? போய்ச் சொல்லு."

உடனே ஒலிவாங்கி முன் உட்கார்ந்தாள். "கொஞ்ச நேரம் முன்ன நான் சொன்னது தப்பு. வரது நட்சத்திரம் இல்ல, ஒரு பாறை. நிலாவையும் தாண்டி எங்கேயோ போகுது. எல்லாரும் வீட்டுக்குத் திரும்புங்க."

மறுபடி அழைப்புகள் வந்தன. இப்போது வேறு மாதிரி.

"விடியக்காலையில தெரியுதே வெள்ளி, அது நட்சத்திரமாம்மா?"

"இல்ல தாத்தா, கோள். நானும் இன்னிக்குத்தான் டீச்சர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

மதியத்துக்குள் ஊர் இறங்கிவிட்டது. சியோசயா ஒரு தட்டு நிறையச் சுட்ட பன்றிக்கறியுடன் வந்து நின்றான்.

"கடைசிச் சாப்பாடுன்னு பெரிய பன்னியவே அறுத்துட்டேன் அண்ணி. இனி தின்னுதான் தீரணும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. விடிந்ததிலிருந்து அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. தட்டை வாங்கி, அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.