குரூப்பில் இல்லாதவர்

நேரம் தவறாதவன்தான் வாழ்க்கையில் முன்னேறுவானாம். மணலியில் எங்கள் தொழிற்சாலைக்கு வகுப்பெடுக்க வந்தவர் மைக்கில் முழங்கினார்.

எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. ஒல்லியான ஆள், சடையங்குப்பத்துக்காரர். மழைக்காலத்தில் தேய்த்த யூனிஃபார்மை பாலித்தீன் பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வருவார். கேட் அருகே உடை மாற்றிக்கொண்டு சரியாக ஆறு மணிக்கு உள்ளே நுழைவார்.

போன வெள்ளத்திலும் அப்படித்தான் வந்திருக்கிறார். கேட் பூட்டிக் கிடந்தது.

"அன்றைக்கு லீவு என்று தெரியாதா?" என்று பிறகு கேட்டேன்.

"குரூப்புல போட்டாங்களாமே. அந்த குரூப்புல நாங்கோ எங்க சார் கீறோம்?" சிரித்தார். "வந்ததுக்கு, கேட்டாண்ட தண்ணி அட்ச்சிகினு வந்த குப்பைய அள்ளிப் போட்டுட்டுப் போனேன்."

வகுப்பு முடிந்ததும் நேரந்தவறாமைக்கான பரிசை மேலாளருக்குக் கொடுத்தார்கள். தினமும் கம்பெனி கார் வீட்டு வாசலுக்கே போய் அழைத்துவரும் மேலாளருக்கு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினேன்.

அன்று லீவு என்று குரூப்பில் போட்டவன் நான்தான். அவருடைய நம்பரை இன்றுவரை நான் கேட்டு வாங்கவில்லை.