சாந்தகுமாரி போட்ட ஒரு பிடி

சாந்தகுமாரிக்கு ஓரவஞ்சனை ஆகவே ஆகாது. நீலசந்திராவில் அவள் குடியிருந்த சந்தில் யாராவது குழாயடி வரிசையை முந்தினால், அது மாமியாராகவே இருந்தாலும் கேட்காமல் விடமாட்டாள். அந்த நல்ல குணம்தான் ஒரு வருட ஆராய்ச்சியில் மண்ணைப் போட்டது.

ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் எலிக்கூடத்தில் ஆறு வருடமாக அவளுக்குத் தினக்கூலி வேலை. கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது. 1999இல் மஞ்சுநாத் என்ற ஆராய்ச்சி மாணவன் நாற்பது தாய் எலிகளை இரண்டு வரிசையாக வைத்தான். சிவப்புச் சீட்டு ஒட்டிய கூண்டுகளுக்கு ஒரு பொடி கலந்த தீனி, நீலச் சீட்டுக்குப் பொடியில்லாத தீனி. குட்டிகள் பால்குடி மறந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே தீனி. ஆண் குட்டிகள் வளர்ந்தபின் அவற்றை ஜோடி சேர்த்து, எந்த வரிசை ஆணுக்கு எத்தனை குட்டி பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். என்ன பொடி என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்த வருடம்தான் அவளுக்கு யுவன் பிறந்தான். பால் போதவில்லை. பக்கத்து வீட்டு அல்போன்சா, மீல் மேக்கரை ஊறவைத்துப் பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வைக்கச் சொன்னாள். வைத்துத் தின்றதில் பால் கட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுரந்தது. பூண்டின் வேலையா, மீல் மேக்கரின் வேலையா, யார் கண்டது! சாந்தகுமாரி மீல் மேக்கர் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவளின் கண்ணில், பத்துக் குட்டிகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த தாய் எலிகள் பட்டன. பச்சை உடம்புக்காரிக்கு வெறும் தீனியா என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து டிபன் டப்பாவில் ஊறவைத்த மீல் மேக்கர் வந்தது. சிவப்பு வரிசைக்குப் போட்டுவிட்டு நீலத்துக்குப் போடாமல் போக அவளால் முடியுமா? நாற்பது கூண்டுக்கும் ஆளுக்கு ஒரு பிடி. கண் திறந்த குட்டிகளும் முட்டிமோதித் தின்றன. வெளி உணவு கூடாது என்று கதவில் கன்னடத்தில் எழுதியிருந்ததை அவள் படித்துத்தான் இருந்தாள். பன்னும் பிஸ்கட்டும் கொறிக்கும் மாணவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டாள்.

2000 ஜனவரியில் கணக்கு முடிந்தது. இரண்டு வரிசைக்கும் வித்தியாசமே இல்லை. பொடியால் பாதிப்பில்லை என்று மஞ்சுநாத் எழுத ஆரம்பித்தான். பாட்டில் கழுவிக்கொண்டிருந்த சாந்தகுமாரி அன்றுதான் அது என்ன பொடி என்று கேட்டாள். சோயாவிலிருந்து எடுத்தது என்றான். பெண்களின் ஹார்மோன் மாதிரி நடந்துகொள்ளும் சரக்கு செடிகளிலும் உண்டாம். பால்குடிப் பருவத்தில் அது உள்ளே போனால், ஆண் வளர்ந்த பிறகு பிள்ளை கொடுக்கும் சக்தி குறையுமா என்று பார்க்கத்தான் இத்தனை பாடு. அப்படியானால் மீல் மேக்கர் என்று இழுத்தாள். அதுவும் சோயாதான் என்றான்.

அவளுக்கு எலிகள் நினைவுக்கு வரவில்லை, யுவன்தான் வந்தான்.

"தாய்ப்பால் வழியா கொழந்தைக்குப் போனா, சார்?"

மஞ்சுநாத் சிரித்தான். எலிக்குக் கொடுத்த அளவு ரொம்ப அதிகம், மனிதர்களைப் பற்றி யாரும் எதுவும் முடிவாகச் சொல்லவில்லை, குழம்புக்கெல்லாம் பயப்படக் கூடாது என்றான். பிறகு, "எலிக்கே ஒண்ணும் ஆகலையே சாந்தம்மா" என்றான்.

அந்த ஆறுதல்தான் அவளைக் குத்தியது. அது, நீல வரிசைக்கும் சோயா போட்டு அவள் கையால் கெட்ட கணக்கிலிருந்து வந்த ஆறுதல்.

வீட்டில் கணவன் அப்பாதுரை வாயை மூடிக்கொண்டிரு என்றான். வேலையை நிரந்தரமாக்கும் ஃபைல் எலிக்கூடப் பொறுப்பாளர் சுனிதா மேடம் மேஜையில் இருக்கிறது, மார்ச்சில் கையெழுத்து, எலி வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பேசாமல் இருந்தால் தன் பிள்ளை விஷயத்தில் தானே பொய்ச் சாட்சி ஆகிவிடுவோம் என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் டிபன் டப்பாவோடு மேடம் அறைக்குள் போனாள்.

"ரெண்டு வரிசைக்கும் நான்தான் மேடம் மீல் மேக்கர் போட்டேன். சார் மேல தப்பில்ல. மறுபடி பண்ணணும். எனக்கும் பதில் தெரியணும், வூட்ல ஆம்பளப் புள்ள இருக்கான்."

மேடம் மேஜை மேல் இருந்த ஃபைலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆராய்ச்சியை முதலிலிருந்து மறுபடி செய்யச் சொன்னார்; சாந்தகுமாரியை வராந்தா பெருக்கப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து மஞ்சுநாத் அவளிடம் வந்து, "சும்மனெ, வாயைத் திறக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றான். அவள் பெருக்குவதை நிறுத்தவில்லை.

ஆனால் தினமும் காலையில் மேடம் அறை வாசலில் நின்று, எலிக்கூடத்துக்கே திரும்ப அனுப்புங்கள் என்று கேட்டாள். புதிதாகப் போட்ட ஆளை எலிகள் கடித்தன. பன்னிரண்டாம் நாள் மேடம் சரி என்றார்.

இரண்டாம் முறை, யாரும் கேட்காமலே, டிபன் டப்பாவையும் முந்தானையையும் வாட்ச்மேனிடம் உதறிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள். பிள்ளை பெற்ற எலிகள் கம்பியைப் பிடித்து நின்று மூக்கை நீட்டும்போது, இந்த வாட்டி இல்லடி கண்ணுங்களா என்று சொல்லிக்கொண்டே தீனியை மட்டும் வைப்பாள்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் வரிசைகள் பிரிந்தன. சிவப்பு வரிசை ஆண்களுக்குக் குட்டிகள் குறைவு. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் இருக்கிறது என்றான் மஞ்சுநாத். மனிதனுக்கும் இப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்பதையும் இரண்டு தடவை சொன்னான்.

ஃபைல் அலமாரியை விட்டு வரவில்லை. இவ்வளவு பண்ணி என்ன கிடைத்தது என்று அப்பாதுரை கேட்டான். யுவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அவள் சொன்னாள்:

"எலிக்கு ஆகுதுன்னு தெரிஞ்சுது. இவனுக்கு ஆகுமான்னு யாருக்கும் தெரியாதுன்னு தெரிஞ்சுது. பொய்யான தைரியத்துக்கு இது மேல்."

மறுநாள் காலை, ஃபைலைப் பற்றிக் கேட்க, அதே வாசலில் போய் நின்றாள். பன்னிரண்டு நாள் நின்று பழகிய இடம்.