எட்டாவது புள்ளிக்குப் பிறகு

சாயங்காலம் நாலு இருபதுக்கு எட்டாவது புள்ளி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. போடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். மலையில் குரங்கணிக்கு மேலே, என் தம்பியின் ஏலக்காய்த் தோட்டத்தில், என் மகள் கைப்பேசியில் எண்களை அடிக்க அடிக்க இங்கே திரையில் ஒரு புள்ளி முளைக்கும். முந்தைய புள்ளியிலிருந்து ஒரு கோடு ஓடிவந்து அதைத் தொடும். எட்டு மூலையுள்ள அந்த நிலம், ஒரு பக்கம் மட்டும் திறந்தபடி என் முன்னால் நின்றது.

தண்ணீர்க் குழாய் எவ்வளவு நீளம் வாங்குவது என்று தம்பிக்குத் தெரிய வேண்டியிருந்தது. தோட்டம் மூன்று துண்டு. இடையிடையே பாறையும் அடுத்தவர் நிலமும். கல்லூரியில் படிக்கிற மகள்தான், ஒவ்வொரு மூலையிலும் நின்று கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்தால் கணினி விரிதாளில் தோட்டத்தையே வரைந்துவிடலாம் என்றாள். முதல் இரண்டு துண்டுகளை வரைந்துகொண்டு வந்து இதே மேசையில் அவனுக்குக் காட்டினாள். ஒரு துண்டின் கடைசி மூலையிலிருந்து அடுத்த துண்டுக்கு ஒரு கோடு குறுக்கே பாய்ந்திருந்தது.

"ஏ ஆத்தா, அடுத்தவன் நெலத்துல எதுக்கு வேலி போட்ட? பாத்தான்னா அருவாளோட வந்துருவான்."

"வேலி இல்ல மாமா. நடுவுல ஒரு வரிசை காலியா விடணும், மறந்துட்டேன். விட்டா கோடு அறுந்துரும்."

விட்டாள். கோடு மறைந்தது. பிறகு ஒவ்வொரு துண்டின் முதல் மூலை எண்களையும் கடைசியில் மறுபடி ஒட்டினாள். அப்போதுதான் உருவம் மூடிக்கொண்டது. தம்பிக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். வருஷா வருஷம் எல்லையில் காடு வெட்டும்போது எங்கள் ஆட்கள் முதல் கல்லில் சூடம் கொளுத்திப் புறப்படுவார்கள். சுற்றி வந்து அதே கல்லைத் தொட்டால்தான் அன்றைய சோலி முடிந்ததாகக் கணக்கு. "பாத்தியாக்கா, நம்ம வழக்கம் கம்ப்யூட்டருக்கும் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தான்.

மூன்றாவது துண்டுக்குத்தான் அன்றைக்குத் தம்பியும் மகளும் போனார்கள். நாலரைக்கு மலைப் பக்கம் முழுக்கக் கறுத்துவிட்டது. மகளைக் கூப்பிட்டேன், தம்பியைக் கூப்பிட்டேன். இரண்டு பேருக்கும் இணைப்பு இல்லை. முதல் வரிசையை நகலெடுத்து நானே கீழே ஒட்டியிருக்கலாம், உருவம் மூடியிருக்கும். விரல் அதுவரை போய்த் திரும்பியது. அந்தக் கோடு அவர்களிடமிருந்து வர வேண்டும். வந்தால் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். திரையை அணையவிடாமல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தேன்.

எட்டாவது மூலைக்கும் முதல் கல்லுக்கும் நடுவில் ஓர் ஓடை. கணுக்கால் நனைகிற ஓடை. தம்பி சின்ன வயதிலிருந்து தாண்டியது. மேலே எங்கோ கொட்டிய மழை அவன் நடுவில் இறங்கிய நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. சற்றுக் கீழே பாறை இடுக்கில் அவனை எடுத்தார்கள். உயிர் இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

குழாயைத் தம்பி மனைவி குத்துமதிப்பாக வாங்கிப் போட்டுவிட்டாள். மிச்சச் சுருள் அவர்கள் கொட்டகையில் கிடக்கிறது. மகள் அந்த விரிதாளைத் திறப்பதில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தால் நான் திறக்கிறேன். இரண்டு துண்டுகள் மூடியிருக்கின்றன. மூன்றாவது திறந்து கிடக்கிறது. கல்லூரியிலிருந்து மகள் வரக் கொஞ்சம் தாமதமானாலும் அந்தத் திறந்த பக்கம்தான் கண்ணில் நிற்கிறது.

எட்டாவது புள்ளி வந்த அன்றைக்கு, விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் ஜீப்பு வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்காமல் தலையைக் குனிந்திருந்தார். மகள் மட்டும் இறங்கினாள். முழங்கால் வரை சேறு. தம்பியின் சட்டையை மேலே போர்த்தியிருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். என் தோளுக்கு மேலாக, மேசையில் எரிந்துகொண்டிருந்த திரையைப் பார்த்தாள்.

"'போக வேணாம் மாமா, முதல் வரிசையைக் கீழ ஒட்டுனாப் போதும்'னு சொன்னேம்மா. 'கல்லத் தொட்டுட்டு வெரசா வந்துர்றேன் ஆத்தா, மழையில நனையாத, இதப் போத்திக்க'ன்னு சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போனாரும்மா."